தோஷகானாவும் ஒரு பித்தளை அண்டாவும்

வந்த பரிசை இன்னொருத்தர் தலையில் கட்டலாமா, கூடாதா? எங்கள் எடிசன் வட்டாரத்தில் நவராத்திரிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சண்டை வந்துவிடும். கிரகப்பிரவேசத்துக்குப் போன காபி மேக்கர் மூன்று வீடு சுற்றி, முதலில் வாங்கியவர் வீட்டுக்கே வளைகாப்புப் பரிசாக வந்து சேர்ந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் அது தன் நண்பர் வீட்டில் நடந்தது என்பார்கள் :-)

அமெரிக்கர்களுக்கு இதற்கென்று ஒரு வார்த்தையே இருக்கிறது: ரீகிஃப்ட். 1995 ஜனவரியில் வந்த 'ஸைன்ஃபெல்ட்' தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதிதான் அதை ஊரறியச் செய்தது. யாரோ கொடுத்த லேபிள் அச்சடிக்கும் கருவியை வேறு யாருக்கோ கொடுத்து மாட்டிக்கொள்வார் ஒரு பல் டாக்டர். அதைக் கேலி செய்யத்தான் அந்த வார்த்தை. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஏன் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். நாம் இதைச் செய்யாததாலா என்றால், சிரிப்புதான் வருகிறது. ரவிக்கைத் துண்டை மறந்துவிட்டீர்களா?

வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு ரவிக்கைத் துண்டு. கொலுவுக்கு வந்தவருக்கு இதைக் கொடுத்தனுப்பாத வீடு உண்டா? அந்தத் துண்டைத் தைத்துப் போட்டுக்கொண்டவரை நீங்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு அடுக்கு இருக்கும். வந்தது அங்கே போகும், போவது அங்கிருந்து எடுக்கப்படும். ஒரே கட்டுப்பாடுதான்: கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடக் கூடாது. அதற்காக ஓரத்தில் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தைக் குறித்து வைத்திருந்த ஒரு அத்தையை எனக்குத் தெரியும். யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. கொடுப்பதுதான் முக்கியம், துணி ஒரு சாக்கு.

பாப்புவா நியூ கினியா பக்கத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகள் என்று இருக்கின்றன. அங்கே தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1922ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தத் தீவுக்காரர்கள் சிவப்புச் சிப்பி மாலைகளைப் படகில் ஏற்றித் தீவு தீவாக ஒரு திசையில் கொடுத்துக்கொண்டே போவார்கள். வெள்ளைச் சிப்பிக் காப்புகள் எதிர்த்திசையில் சுற்றிவரும். 'குலா' என்று பெயர். கையில் வந்ததைக் கொஞ்ச நாள் வைத்துப் பெருமைப்பட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பூட்டி வைத்துக்கொள்பவனுக்குத்தான் கெட்ட பெயர். நல்ல மாலைக்குத் தனிப் பெயர் இருக்கும், யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறும் இருக்கும். படித்தபோது எனக்கு நம் ரவிக்கைத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. என்ன, நம் துண்டுக்குப் பெயரும் இல்லை, வரலாறும் இல்லை.

சரி, நம் பழைய ஆட்கள் என்ன செய்தார்கள்? புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர் வருகிறார். இந்த விஷயத்தில் அவரைப்போல் ஒரு சாட்சி கிடைக்காது. முதிர மலைத் தலைவன் குமணன் அவருக்கு அள்ளிக் கொடுத்து அனுப்புகிறான். பசியில் கிடந்த வீடு அது. வந்தவர் மனைவியிடம் என்ன சொல்கிறார் தெரியுமா? உனக்குப் பிரியமானவர்களுக்குக் கொடு, உன்மேல் பிரியமுள்ளவர்களுக்குக் கொடு, நம் பசிக்குக் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னைக் கேட்கவும் கேட்காதே, சேர்த்துவைத்து வாழலாம் என்று நினைக்காதே, இது குமணன் கொடுத்தது (163ஆம் பாட்டு). கொடுத்தவன் பெயரை மறைக்கவே இல்லை, கவனியுங்கள். பெயரைச் சொல்லித்தான் கைமாற்றச் சொல்கிறார்.

அதே மனிதர் கோபத்திலும் ஒரு முறை பரிசைக் கைமாற்றியிருக்கிறார். இளவெளிமான் என்பவன் அவருக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்துத் தட்டிக்கழிக்கப் பார்த்தான். வாங்க மறுத்துவிட்டு நேராகக் குமணனிடம் போனார். அவன் ஒரு யானையே கொடுத்தான். அந்த யானையை ஓட்டிவந்து இளவெளிமானுடைய காவல்மரத்தில் கட்டிவிட்டு, கொடுப்பவர்கள் உலகத்தில் இல்லாமல் போய்விடவில்லை, இது நான் உனக்குக் கொடுக்கும் பரிசு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் (162). வந்த பரிசை இப்படிக் கைமாற்றி ஒருவன் மூஞ்சியில் அறைந்ததை வேறெங்கும் நான் படித்ததில்லை. இன்னொரு முறை, தகடூர் அதியமான் நேரில் பார்க்காமலே பரிசில் அனுப்பியபோது, பார்க்காமல் கொடுப்பதை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்று மறுத்திருக்கிறார் (208). தகடூர் என்றால் தர்மபுரி. எங்கள் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்குப் பூர்வீகம் தர்மபுரி, சேலம், வடஆர்க்காடு, சித்தூர்ப் பக்கம்தான். அந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

வடமொழிக் கதைகளில் இதைப் பற்றி பயம் அதிகம். கடோபநிஷத்தின் தொடக்கமே வேண்டாத பரிசுதான். நசிகேதனின் அப்பா எல்லாவற்றையும் தானம் செய்வதாகச் சொல்லி, கறவை வற்றிப்போன கிழட்டு மாடுகளாகப் பார்த்துக் கொடுக்கிறார். பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. என்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, எமனுக்கு என்ற பதிலை வாங்கிக்கொள்கிறான். பாகவதத்தில் வரும் நிருகன் கதை இன்னும் மோசம். ஆயிரம் ஆயிரமாகப் பசுதானம் செய்த ராஜா. ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்த பசு வழிதவறி அரண்மனை மந்தையில் வந்து கலந்துவிட, தெரியாமல் அதை இன்னொருவருக்கும் கொடுத்துவிடுகிறான். இருவருமே எனக்கு இந்தப் பசுதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். வேறு எத்தனை பசு கொடுத்தாலும் வாங்கமாட்டேன் என்கிறார்கள். ராஜா கடைசியில் ஓணானாகப் பிறந்து கிணற்றில் கிடக்க வேண்டியதாயிற்று, கிருஷ்ணன் வந்து தூக்கும்வரை. தெரியாமல் செய்ததற்கு இது கொஞ்சம் ஓவர் தண்டனை என்பது என் கட்சி. ஆனால் கதை சொல்ல வருவது புரிகிறது. பொருள் கைமாறிவிட்டாலும் அதன்மேல் முதல் ஆளுடைய பிடி விட்டுப்போவதில்லை.

இந்தப் பிடியை ஒரு அரசாங்கமே சட்டம் போட்டு அறுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம். நம் ராஜாக்கள், நவாபுகள் சபையில் வெறுங்கையோடு போக முடியாது, 'நஜர்' வைக்க வேண்டும். அவர்கள் பதிலுக்கு 'கில்லத்' என்று மரியாதை உடை போர்த்துவார்கள். வெள்ளைக்காரர்களும் இதில் குதித்து, நஜர் என்ற பெயரில் கொள்ளையடித்தார்கள். கடைசியில் லண்டனே பயந்துபோய் 1773ல் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கம்பெனி அதிகாரிகள் பரிசு வாங்கக் கூடாது என்றது. ஆனால் சபையில் கொடுப்பதை வாங்க மறுத்தால் ராஜாவுக்கு அவமானம். என்ன வழி? வாங்கு, ஆனால் உனக்கில்லை. எல்லாம் அரசுக் கிடங்குக்குப் போகும். அதற்குப் பெயர்தான் தோஷகானா. அடுத்த தர்பாரில் அடுத்த ராஜாவுக்குக் கொடுக்க வேண்டிய சால்வை, வாள், கடிகாரம் எல்லாம் அதே கிடங்கிலிருந்து எடுக்கப்படும். ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் புரட்டினால், வந்த பரிசுகளும் தரப்போகும் பரிசுகளும் இருக்கும் இடம் என்ற பொருளில்தான் விளக்கம் தந்திருக்கிறார்கள். பீரோவின் கீழ்த்தட்டேதான்! இன்னும் சுருக்கமான வழியும் ஒன்று இருந்தது. நஜராக நீட்டிய தங்க நாணயத்தைப் பெரிய துரை விரலால் தொட்டுவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். மரியாதையும் போச்சு என்று ஆகாது, காசும் போகாது.

ராபர்ட் கிளைவ் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. வங்காள நவாப் மீர் ஜாபர் 1765ல் சாகும்போது கிளைவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் எழுதிவைத்தார். அதே ஆண்டுதான் கிளைவ், பரிசு வாங்கமாட்டோம் என்று கம்பெனி ஆட்களிடம் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது தானே எப்படி வாங்குவது? அந்தப் பணத்தைக் கம்பெனிக்கே கொடுத்து, ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் விதவைகளுக்குமான நிதியாக மாற்றிவிட்டார். 'கிளைவ் பிரபு நிதி' என்று பெயர், 1770ல் பத்திரமும் எழுதியாயிற்று. நவாப் கொடுத்த பணம், பெயர் மட்டும் கிளைவுடையது. கூத்து இதோடு முடியவில்லை. 1858ல் ஆட்சி மகாராணி கைக்குப் போய், கம்பெனிப் படையே இல்லாமல் ஆனபோது, நிதிக்கு வேலை முடிந்துவிட்டது, பணம் எங்களுக்கு என்று கிளைவின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். பிரபுக்கள் சபை 1863ல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நூறு வருடம் கழித்துப் பரிசு திரும்பிவந்த ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும்.

தோஷகானா இன்றும் இருக்கிறது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் டெல்லியில். அமைச்சருக்கோ அதிகாரிக்கோ வெளிநாட்டில் கிடைக்கும் பரிசு 5,000 ரூபாய்க்குள் என்றால் வைத்துக்கொள்ளலாம், மேலே போனால் கிடங்குக்கு, வேண்டுமென்றால் மிச்சப் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். பாகிஸ்தானில் இம்ரான் கான் பிரதமராக இருந்தபோது வந்த பரிசுகளை விற்றதைச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று 2023 ஆகஸ்டில் மூன்றாண்டு சிறைத்தண்டனை கொடுத்தார்கள் (அந்த மாதமே மேல்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது). அந்த வழக்குக்குப் பெயரே தோஷகானா வழக்கு.

எங்கள் ஊர் பிறந்த கதைக்கும் இந்தக் கைமாற்றத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1799ல் சீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்புவின் சிம்மாசனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். அதன் உச்சியில் இருந்த ரத்தினம் பதித்த ஹூமா பறவை மூன்றாம் ஜார்ஜ் அரசருக்குப் போய், அவர் அதைத் தன் மனைவி சார்லட்டுக்குக் கொடுத்துவிட்டார். திப்புவின் நாட்டை என்ன செய்தார்கள்? ஒரு பகுதியைத் தாங்களும் நிஜாமும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய உடையார் குடும்பத்துச் சிறுவனுக்கே 'கொடுத்தார்கள்'. எல்லையை அளக்க வேண்டுமே. அந்த வேலைக்கு வந்தவர்தான் லெப்டினன்ட் ஜான் வாரன். 1802ல் கோலார்ப் பக்கம் மண்ணில் பொன் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டுபவருக்குச் சன்மானம் என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள் என்பார்கள். எழுபது வருடம் கழித்து அந்த அறிக்கையைப் படித்த லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமை கேட்டு, 1875ல் வாங்கினார். அவரிடமிருந்து அது வேறு கைகளுக்கு மாறி, 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. நூற்றிருபது வருடத்தில் எண்ணூறு டன்னுக்கு அருகில் தங்கம்.

அந்தத் தங்கத்தில் ஒரு குண்டுமணிகூடத் தோண்டியவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. தங்கத் திருட்டுக்கென்றே மைசூர் அரசு தனிச்சட்டம் வைத்திருந்தது, வாசலில் சோதனை இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் பொன் என்றால் அடகுக்கடையில் இருப்பது. பரிசு என்றால் பாத்திரம்.

பாத்திரம் என்றால் பெயர் வெட்டாமல் கொடுக்கமாட்டார்கள். ராபர்ட்சன்பேட்டைப் பாத்திரக் கடையில் வாங்கி, அங்கேயே புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் அடித்து வாங்குவது வழக்கம். 'அன்பளிப்பு' என்று தொடங்கி, யார், எந்தச் சுரங்கம், என்ன தேதி. இதை நான் ரொம்ப நாள் வெறும் பெருமைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், பாத்திரம் கைமாறாமல் இருக்கப் போடும் பூட்டும் அதுதான். மொய்ப்பணத்துக்கு நோட்டு இருக்கிறது, எவ்வளவு வந்ததோ அதைவிட ஒரு ரூபாயாவது கூட்டித் திருப்பவேண்டும், அது கடன்தான். பாத்திரத்துக்கு நோட்டு கிடையாது, பெயரே அதன்மேல் நிற்கிறது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சங்கு ஊதுவது நின்றது. என் சித்தி கல்யாணம் அதற்கு முன்பே நிச்சயமாகி, அந்த வருடம் ஆவணியில் நடந்தது. நான் இங்கே முதல் வேலையில் இருந்தேன், போக முடியவில்லை. அம்மாவும் ஆயாவும் சொல்லிக் கேட்டதுதான். அந்த லைனில் யார் கையிலும் காசில்லை. தள்ளிப்போடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியும் ஆயா கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. அவரவர் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், பிரிக்காத சுவர்க்கடிகாரம் என்று பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பெரியம்மா பித்தளை அண்டா கொண்டுவந்தார். அதில் ஏற்கெனவே இரண்டு பெயர் இருந்தது, 1959 என்று ஒன்று, 1981 என்று ஒன்று. அரத்தால் தேய்த்துவிட்டுக் கொடுக்கட்டுமா என்று முதல் நாளே வந்து ஆயாவிடம் கேட்டாராம். ஆயா சொன்னது: "தேய்க்காதடி. கீழ உம் பேரையும் வெட்டிக்கினு வா."

பந்தியில் மாப்பிள்ளைக்கு அத்தை முறை ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யார் யார் பேரோ இருக்குதே" என்றாராம். "இருக்குது. இதுல வடிச்ச சோத்துல ரெண்டு கல்யாணம் நடந்துச்சு. இன்னைக்கு மூணாவது. நல்லா சாப்டுங்க" என்று ஆயா பரிமாறிக்கொண்டே சொன்னதாக அம்மா சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கதையைப் பத்துப் பதினைந்து வருடம் நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருஞ்சித்திரனாரோடு ஒப்பிட்டுக்கூடச் சொல்லியிருக்கிறேன். சித்தி ஒரு நாள் போனில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கென்னப்பா, அமெரிக்காவுல உக்காந்துக்கினு அழகா சொல்லுவ. அந்த அண்டாவைத் தூக்கிக்கினு மாமியார் வீட்டுக்குப் போனது நான். ஒரு மிக்ஸி வந்திருந்தா போதும்னு அன்னைக்கு அழுதேன்" என்றார். பரிசைக் கைமாற்றியவர்கள் கதை நிறைய இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று புறநானூற்றிலும் இல்லை, தோஷகானாப் பதிவேட்டிலும் இல்லை. காவல்மரத்தில் யானை கட்டப்பட்ட இளவெளிமான் அதற்குத் தீனி எங்கே தேடினானோ.

நாம் ஊருக்குப் போகும்போது பெட்டி நிறையக் கொண்டுபோகிறோமே, அதையும் இங்கே சொல்லவேண்டும். சாக்லேட், சென்ட் பாட்டில், சலுகை விலையில் வாங்கிய கைப்பை. அடுத்த முறை போகும்போது நாம் கொடுத்த சென்ட் வேறொரு வீட்டு ஷோகேஸில் இருக்கும். உடனே முகம் சுண்டிப்போகும் நண்பர்களை எனக்குத் தெரியும். எதற்கு? அந்த சென்ட் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை, நாமும் அவர்களைக் கேட்டு வாங்கவில்லை. அதை வைத்து அவர்கள் ஒரு வாத்தியாருக்கோ, பத்திரம் எழுதித் தந்தவருக்கோ மரியாதை செய்துகொண்டார்கள் என்றால் நம் இருபது டாலர் ஊரில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. இங்கே கடைக்காரனே விலை போடாத கிஃப்ட் ரசீது ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொடுக்கிறான், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள் என்று. அதைத் தப்பென்று யாரும் சொல்வதில்லை. எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான், உடைந்ததையும் காலாவதியானதையும் பளபளப்புக் காகிதத்தில் சுற்றி வேலைக்கார அம்மாவுக்குக் கொடுப்பது. அது நசிகேதன் அப்பா வேலை. அதற்குக் குப்பைத் தொட்டி மேல்.

அண்டா இப்போது பெங்களூர் கே.ஆர்.புரத்தில் சித்தி வீட்டில் இருக்கிறது. சுரங்கம் மூடியபின் சித்தப்பா மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்து, பிறகு அங்கேயே குடிபோய்விட்டார்கள். ஈயம் பூசுகிற ஆள் அந்தத் தெருவில் வருவதில்லை, அதனால் சமைப்பதில்லை, அரிசி கொட்டி வைத்திருக்கிறார். தன் மகளுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார், ஃப்ளாட்டில் இடமில்லை என்று பெண் சொல்லிவிட்டாள். எடைக்குப் போட்டால் நல்ல விலை வரும் என்று சித்தப்பா சொல்கிறார். என்னைக் கேட்டார்கள், விமானக் கம்பெனிக்காரன் அனுமதிக்கும் இருபத்துமூன்று கிலோப் பெட்டிக்குள் அது நுழையாது.

போன வாரம் பேசியபோது, ஆண்டர்சன்பேட்டையில் சித்தியின் நாத்தனார் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம் என்றார். அந்தப் பெண் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவளாம், பெரிய பாத்திரமாகத் தேடிக்கொண்டிருக்கிறாளாம். முதலில் போன் பண்ணி, உனக்கு வேணுமா, வேணாமா, கூச்சப்படாம சொல்லு என்று கேட்டிருக்கிறார் சித்தி. வேணும் என்று சொன்னாளாம். நாலாவது பெயரை வெட்ட இடம் இருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். விளிம்புக்குக் கீழே ஒரு சாண் காலியாக இருக்கிறது.